ஊருக்குப் போகும்போது முகத்துக்கு பீல் (அமிலம் பூசி மேல்தோலை உரிக்கும் சிகிச்சை) செய்துகொள்வதாக இருந்தால்: திருச்சி அனுபவம்

டொரொன்டோவில் தோல் மருத்துவரைப் பார்க்க முதலில் குடும்ப மருத்துவரிடம் கடிதம் வாங்க வேண்டும், அப்புறம் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அழகுக்கான சிகிச்சை என்றால் அரசு காப்பீடு ஒரு டாலர்கூடத் தராது. அதனால் மார்கழியில் ஊருக்குப் போனபோது கன்னத்தில் மங்கு என்று சொல்லும் கருந்திட்டையும் நெற்றிச் சுருக்கத்தையும் திருச்சியிலேயே காட்டிவிடலாம் என்று நினைத்தேன். தை பிறந்ததும் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் வேறு. இப்படி நினைத்துக் கிளம்புகிறவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள் என்பதால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

தில்லைநகரில் தோல் கிளினிக்குகளுக்குப் பஞ்சமே இல்லை. முதலில் போன இடத்தில் டாக்டரைக் கண்ணிலேயே காட்டவில்லை. கவுன்சிலர் என்று ஒரு பெண் வந்து உட்கார்ந்து, ஆறு சிட்டிங் லேசர், கூடவே தோலை வெளுப்பாக்க நரம்பில் ஏற்றும் குளுட்டாதயோன் டிரிப், இன்றைக்கே முழுப் பணமும் கட்டினால் தள்ளுபடி என்று அடுக்கினார். தோலை வெளுப்பாக்கும் ஊசி எதற்கும் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்ததில்லை. அதைச் சொன்னதும், "எல்லாரும் போட்டுக்கிறாங்க மேடம்" என்றார். எழுந்து வந்துவிட்டேன். கல்யாணத் தேதியைச் சொல்லும் பெண்களிடம் அவசரப்படுத்திப் பணம் பறிப்பது எனக்குப் பொறுக்கவே இல்லை.

அண்ணி சொன்ன டாக்டரம்மா வேறு ரகம். பலகையில் எம்.டி. (டி.வி.எல்.) என்ற தோல், பால்வினை, தொழுநோய் மருத்துவ மேற்படிப்பும் மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணும் இருந்தன. இந்த இரண்டையும் நீங்களும் பாருங்கள். வெறும் 'காஸ்மெட்டாலஜி' டிப்ளமோ போதாது. இருட்டறையில் உட்காரவைத்து வுட்ஸ் விளக்கை முகத்தில் அடித்துப் பார்த்தார். மங்கு மேல்தோலில் இருந்தால் அந்த ஊதா வெளிச்சத்தில் பளிச்சென்று தனியாகத் தெரியுமாம், ஆழத்தில் இருந்தால் தெரியாதாம். எனக்கு இரண்டும் கலந்து இருந்தது.

லேசர் பற்றிக் கேட்டேன். "எப்பம்மா கனடாவுக்குத் திரும்புறீங்க?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. தேதியைச் சொன்னதும் வேண்டாம் என்றுவிட்டார். சூரிய ஒளிக்குத் தோல் எப்படி எதிர்வினை காட்டுகிறது என்பதை வைத்து ஹார்வர்டின் தோல் மருத்துவர் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975-ல் ஒரு வகைப்பாடு கொண்டுவந்தார். இப்போது அதில் ஆறு வகை, எண் கூடக்கூட நிறமும் அடர்த்தி. நம்மில் பெரும்பாலோர் நான்கு அல்லது அதற்கு மேல்தான். இந்த நிறத்தில் சூடு கொஞ்சம் கூடினாலே தோலுக்கு நிறம் தரும் மெலனின் பொங்கி, சிகிச்சை செய்த இடமே கருத்துப்போகும். அந்தக் கருப்பு மறைய மாதங்கள் ஆகலாம். கார்பன் டை ஆக்சைடு லேசரில் இந்தப் பயம் அதிகம். 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர் நம் தோலுக்கு ஓரளவு பாதுகாப்பானது, ஆனால் அதையும் இடைவெளி விட்டுப் பல தடவை செய்ய வேண்டும், செய்தவரே கூடவிருந்து பார்க்கவும் வேண்டும். மங்குக்குக் கொடுக்கும் டிரானெக்சாமிக் ஆசிட் மாத்திரையையும் அவர் எழுதவில்லை. இரத்தம் உறையும் ஆபத்து உள்ள மருந்து, நீண்ட விமானப் பயணத்துக்கு முன்னால் தொடங்க வேண்டாம் என்றார்.

கடைசியில் செய்தது கிளைகாலிக் ஆசிட் பீல், 35 சதவீதம். முகத்தைத் துடைத்து எண்ணெய்ப் பசையை எடுத்தார்கள். கண்ணோரம், மூக்கோரம், உதட்டு மடிப்பில் வாசலைன் தடவினார்கள். நெற்றியில் தொடங்கி பிரஷ்ஷால் வேகமாகப் பூச, பக்கத்தில் நர்ஸ் டைமரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மிளகாய் அரைத்த கையால் முகத்தைத் தொட்ட மாதிரி எரிந்தது. சோடா உப்புக் கரைசலால் துடைத்ததும் நுரைத்து அடங்கியது. ஒரு தடவைக்கு 2,500 ரூபாய், ரசீதோடு.

நெற்றிச் சுருக்கத்துக்கு, தசையைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசி. பாட்டிலை என் எதிரிலேயே திறந்தார். எந்தத் தொகுதியில் தயாரான மருந்து என்று காட்டும் லாட் எண் ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். முழுப் பலன் தெரிய இரண்டு வாரம் ஆகும், மூன்று நான்கு மாதம்தான் நிற்கும். ஒரு புருவம் ஏறி இறங்கி இருந்தால் சரிசெய்ய அந்த இரண்டு வாரமும் நீங்கள் ஊரில் இருக்க வேண்டும். பயணத்தின் கடைசி வாரத்தில் போட்டுக்கொண்டு விமானம் ஏறுவதில் அர்த்தமே இல்லை.

பீலுக்குப் பிறகு ஒரு வாரம் ஃபேஷியல், பிளீச், த்ரெடிங் எதுவும் கூடாது. கல்யாண வீட்டில் இதைக் காப்பாற்றுவது லேசில்லை. நலங்கின்போது அத்தைமார் முகத்திலும் மஞ்சளை அப்புவார்களே, "கையில மட்டும் பூசுங்க சித்தி" என்று ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டியிருந்தது. மார்கழி வெயில்தானே என்று விட்டுவிடாதீர்கள், திருச்சி வெயில் அப்போதும் சுள்ளென்றுதான் அடிக்கும். இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமுள்ள சன்ஸ்க்ரீன் வாங்கச் சொன்னார். அது கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுக்கும், அந்த ஒளியாலும் மங்கு கூடுமாம்.

மருந்துக்கடை விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். சன்ஸ்க்ரீன் கேட்ட என்னிடம், "இதை ராத்திரி தடவுங்கக்கா, பத்தே நாள்ல போயிடும்" என்று ஒரு ட்யூபைக் கொடுத்தார் கடைப் பையன். ட்யூபின் பின்பக்கம் படித்தால் ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன். கடைசியில் இருப்பது ஸ்டீராய்டு. தோலில் பூசும் ஸ்டீராய்டுகளை 2018-லேயே இந்திய அரசு மருந்துச் சீட்டு கட்டாயமான பட்டியலில் சேர்த்துவிட்டது. மேற்பார்வை இல்லாமல் மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து, சிவந்து, மெல்லிய இரத்தக் குழாய்கள் தெரியத் தொடங்கும். நிறுத்தினால் எரிச்சலும் பருவும் கிளம்பும். ஊரிலிருந்து வருகிறவர்களிடம் இந்த ட்யூபை வாங்கி வரச் சொல்கிற தோழிகள் எனக்கே இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

மங்கு முழுக்கப் போகவில்லை, போகும் என்று டாக்டரம்மாவும் சொல்லவில்லை. வெளுத்திருக்கிறது, கன்னம் மிருதுவாகியிருக்கிறது. கிளம்புமுன் மருந்துகளை பிராண்ட் பெயர் இல்லாமல் மூலப்பெயரிலும், பீல் செய்த தேதியையும் சதவீதத்தையும் ஒரு தாளில் எழுதித் தரக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்தத் தாளைப் பார்த்துத்தான் இங்கே என் குடும்ப மருத்துவர், டாக்டரம்மா மங்குக்குக் கொடுத்த அசெலாயிக் ஆசிட் க்ரீமைத் தொடர்ந்து எழுதித் தருகிறார்.