திருக்கண்ணபுரம்: அரை மணி நேரத்தில் முடித்துவிடக் கூடாத கோயில்

நாகப்பட்டினம் மாவட்டத்தில், திருப்புகலூரை ஒட்டி, நெல்வயல்களுக்கு நடுவே இருக்கிறது திருக்கண்ணபுரம். அங்குள்ள சௌரிராஜப் பெருமாள் கோயிலுக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்களில் பலர், ஆழ்வார்கள் பாடிய 108 திவ்ய தேசங்களில் ஒன்று என்றோ, கண்ணனுக்குரிய ஐந்து தலங்களான பஞ்ச கிருஷ்ண க்ஷேத்திரங்களில் ஒன்று என்றோ கணக்கு வைத்துக்கொண்டு வந்து, நண்பகலில் நடை சாத்துவதற்குள் ஒரு முறை சேவித்துவிட்டு அடுத்த ஊருக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். நான் முதன்முதலாகச் சென்றதும் அப்படித்தான். சுற்றுலா ஏற்பாட்டாளர் ஒருவர் ஒரே நாளில் பல கோயில்களைக் காட்டுவதாகப் பணம் வாங்கிக்கொண்டு, இந்தக் கோயிலுக்கு அரை மணி நேரமே ஒதுக்கியிருந்தார். அந்த அரை மணி நேரத்தில் கோயிலின் கட்டடத்தைப் பார்க்கலாம்; ஊரார் அந்தக் கோயிலோடு எப்படி வாழ்கிறார்கள் என்பதைப் பார்க்க முடியாது. இந்த மதிப்புரையை எழுதக் காரணம் அந்தக் குறைதான்.

கட்டடத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். கோயிலுக்கு முன்னால் நித்ய புஷ்கரணி என்னும் பெரிய திருக்குளம் இருக்கிறது. நீர் நிறைந்திருக்கும் காலத்தில் அதன் கரையில் சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டு உள்ளே செல்வது நல்லது. மூலவர் நீலமேகப் பெருமாள். அவருடைய கையிலுள்ள சக்கரம் ஏவத் தயாரான நிலையில், பிரயோகச் சக்கரமாக இருப்பதை அர்ச்சகர் தீபம் காட்டும்போது கவனிக்க வேண்டும். தாயார் கண்ணபுர நாயகி. திருமங்கையாழ்வார் தம்முடைய பெரிய திருமொழியின் எட்டாம் பத்து முழுவதையும், அதாவது 100 பாசுரங்களை, இந்த ஒரே ஊருக்கு அளித்திருக்கிறார். குலசேகராழ்வார் இராமனைக் குழந்தையாக வைத்துத் தாலாட்டியதும் இந்த ஊர்ப் பெருமாளை முன்னிறுத்தித்தான். பாசுரம் தெரிந்தவர்கள் சன்னிதியில் மெல்லச் சொல்லிப் பார்க்கலாம். அருகில் நிற்கும் உள்ளூர்ப் பெரியவர் யாராவது அடுத்த அடியை எடுத்துக் கொடுப்பார் என்று நம்பிக்கையோடு சொல்வேன்.

இனி இந்தக் கோயிலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். இரவில், அர்த்தஜாமத்தில், பெருமாளுக்கு முனியோதரன் பொங்கல் அமுது செய்விக்கிறார்கள். முனையதரையர் என்னும் அதிகாரி அரசனுக்குச் சேர வேண்டிய வரிப்பணத்தைக் கோயில் கைங்கரியத்துக்குச் செலவழித்துவிட்டுச் சிறைக்குப் போனார்; அரசன் கனவில் பெருமாள் தோன்றிச் சொன்ன பிறகு விடுதலை பெற்று, இரவு நெடுநேரம் கழித்து வீடு திரும்பினார்; மனைவி சமைத்து வைத்த பொங்கலை, கோயில் நடை சாத்தியிருந்ததால், வீட்டில் இருந்தபடியே மனத்தால் பெருமாளுக்குப் படைத்தார்; மறுநாள் காலையில் கருவறையைத் திறந்தபோது அங்கே பொங்கல் மணந்தது என்பது ஊரார் சொல்லும் வரலாறு. அகாலத்தில் வீட்டுக்கு வந்தவனுக்குச் சமைத்த சோறுதான் அன்று முதல் பெருமாளின் இரவு உணவாயிற்று. அரண்மனைப் பெருமை எதையும் நினைவுகூராமல், ஒரு வீட்டின் அடுக்களையை நாள்தோறும் நினைவுகூரும் வழிபாடு என்பதால் இதை நான் உயர்வாக மதிக்கிறேன்.

அந்த நேரத்தில் கோயிலில் இருப்பவர்கள் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள். வயல் வேலை முடித்துக் குளித்துவிட்டு வந்தவர்கள், தூங்கிவிழும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கும் பெண்கள், தூணில் சாய்ந்து நாளைய வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் முதியவர்கள் என்று ஒரு சிறு கூட்டம். நான் கிளம்பத் தயங்கியபோது பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர், "கொஞ்சம் இருங்க தம்பி, பொங்கல் வந்துடும், வாங்கிட்டுப் போங்க" என்றார். பிரசாதம் சிறிதளவுதான் கிடைக்கும். கையில் வைத்ததும் சூடு பொறுக்காமல் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்ற வேண்டியிருந்தது; பருப்பும் அரிசியும் பிரித்தறிய முடியாதபடி குழைந்து, விரலிடுக்கில் நெய் வழிந்தது. சாப்பிட்ட பிறகு கையைக் கழுவ மனம் வரவில்லை. பெருநகரக் கோயில்களில் நெகிழிப் பையில் அடைத்து விற்கும் பிரசாதத்தோடு இதை ஒப்பிடவே மாட்டேன்.

அமாவாசை நாள்களும் இங்கே சிறப்பானவை. உற்சவருக்குத் திருமுடி, அதாவது தலைமுடி, உண்டு. அர்ச்சகர் ஒருவரைக் காப்பதற்காகப் பெருமாள் தாமே முடி வளர்த்துக் காட்டியதால் சௌரிராஜர் என்ற பெயர் வந்தது என்பது தலபுராணம். அமாவாசைப் புறப்பாட்டின்போது அந்தத் திருமுடியைச் சேவிக்கலாம். விபீஷணனுக்குப் பெருமாள் தம் நடையழகைக் காட்டியதும் அமாவாசை அன்றுதான் என்பார்கள். ஆகவே அன்றைய புறப்பாட்டில் பெருமாளைத் தோளில் சுமந்துவரும் ஸ்ரீபாதம் தாங்குவோரின் கால்களைப் பார்க்க வேண்டும். தோளில் இருக்கும் கனத்தை மறைத்துக்கொண்டு அவர்கள் எடுத்து வைக்கும் அடிகளில்தான் பெருமாளின் நடை உருவாகிறது. பயிற்சியும் பக்தியும் இல்லாமல் அது கைகூடாது.

ஆண்டில் ஒரே ஒரு முறைதான் வர முடியும் என்பவர்களுக்கு நான் மாசி மகத்தையே பரிந்துரைப்பேன். அன்று பெருமாள் ஊரை விட்டுக் கிளம்பி, வழியெங்கும் உள்ள கிராமங்களைக் கடந்து, காரைக்கால் பகுதியைச் சேர்ந்த திருமலைராயன்பட்டினத்துக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு, அதாவது கடலில் நீராட, எழுந்தருளுகிறார். உற்சவருடன் இருக்கும் நாச்சியார்களில் பத்மினி நாச்சியார் மீனவர் குலத்தில் பிறந்தவர் என்பதால், அந்தக் கடற்கரையிலுள்ள பட்டினச்சேரி மீனவர்களுக்குப் பெருமாள் வீட்டு மருமகன். பட்டு சார்த்தி வரவேற்று, "மாப்பிள்ளே! மாப்பிள்ளே!" என்று கூவிக்கொண்டு, தங்கள் தோளிலேயே அவரைச் சுமந்து செல்கிறார்கள். நெல் விளையும் ஊரின் பெருமாளுக்கும் வலை வீசும் ஊருக்கும் உள்ள இந்த உறவை எந்த அரசாணையும் ஏற்படுத்தவில்லை. கோயில் தமிழ்நாட்டிலும் சம்பந்தி வீடு புதுச்சேரி ஒன்றியப் பகுதியிலும் இருப்பதை அங்கே யாரும் பொருட்படுத்துவதும் இல்லை. சம்பா அறுவடை பெரும்பாலும் முடிந்து கையில் சிறிது ஓய்வு இருக்கும் காலம் என்பதால், வழியிலுள்ள கிராமங்களிலும் குடும்பம் குடும்பமாக வாசலில் கோலமிட்டு, தேங்காய் பழத் தட்டோடு காத்திருப்பார்கள். கூட்டம் மிகுதி, முதியவர்களை அழைத்து வருகிறவர்கள் மணலில் நெடுநேரம் நிற்க வேண்டியிருக்கும் என்பதை முன்கூட்டியே கணக்கில் கொள்ள வேண்டும். வைகாசிப் பெருவிழாவில் பிரம்மா, விஷ்ணு, சிவன் என்னும் மும்மூர்த்திக் கோலத்தைக் காணவும் பலர் வருகிறார்கள். அதுவும் காண வேண்டியதே. ஆயினும் மீனவர்கள் உரிமையோடு தோள் கொடுக்கும் அந்தக் காட்சிக்கு இணையாக வேறொன்றை நான் சொல்ல மாட்டேன்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில செய்திகள். இது சிற்றூர், பெருநகரத்து உணவகங்களையோ விடுதிகளையோ எதிர்பார்க்க வேண்டாம். இரவுப் பொங்கல் வரை இருக்க நினைப்பவர்கள் திரும்பிச் செல்லச் சொந்த ஊர்தியோ வாடகைக் காரோ வைத்திருப்பது நல்லது. நாகப்பட்டினத்திலோ திருவாரூரிலோ தங்கிக்கொள்ளலாம். நடை திறக்கும் நேரத்தையும் பொங்கல் அமுது செய்யும் நேரத்தையும் அன்றன்று கோயிலில் கேட்டுக்கொள்ள வேண்டும். விழா நாள்களில் அவை மாறும். சன்னிதியிலும் புறப்பாட்டிலும் கைப்பேசியை உயர்த்திப் பிடிப்பதைத் தவிர்க்குமாறு வேண்டிக்கொள்கிறேன். பின்னால் நிற்பவர் அந்த ஊர்ப் பாட்டியாக இருக்கலாம், அவருக்குப் பெருமாள் தெரிய வேண்டும்.

சிற்பங்களை மட்டும் தேடி வருகிறவர்களுக்குத் தஞ்சையும் தாராசுரமும் இருக்கின்றன. இங்கே வருகிறவர்கள் மாலையில் வந்து இரவு வரை இருக்கும்படி திட்டமிடுங்கள். பகலில் மிஞ்சும் பொழுதுக்கு, அப்பர் முத்தியடைந்த திருப்புகலூரும், சிறுத்தொண்டர் வாழ்ந்த திருச்செங்காட்டங்குடியும் பக்கத்திலேயே இருக்கின்றன. அவற்றை முதலில் முடித்துக்கொண்டு வந்தால் இங்கே அவசரம் இருக்காது.