துறை கடக்கும் உணர்வுப் பகுப்பாய்வு: எந்த வழி நமக்கு உதவும்?

ஒரு கருத்து பாராட்டா முறைப்பாடா என்று கணினியைக் கொண்டு கண்டறிவதே உணர்வுப் பகுப்பாய்வு. விடுதி, புகையிரதம் என்று கருத்துகள் எழுதப்படும் ஒவ்வொரு விடயப் பரப்பும் ஒரு துறை. நுவரெலியா விடுதிகளுக்கு வரும் கருத்துகளைக் கொண்டு பழக்கிய இயந்திரக் கற்றல் மாதிரியை, பதுளைப் புகையிரதப் பயணிகளின் கருத்துகளுக்கோ ஹோர்ட்டன் சமவெளிக்குப் போய்வந்தோரின் கருத்துகளுக்கோ அப்படியே பயன்படுத்தினால் அது தடுமாறும். மூடுபனி விடுதி விருந்தினருக்குப் பாராட்டுக்குரியது. அச்சமவெளியின் ‘உலக முடிவு’ எனும் செங்குத்துப் பாறை விளிம்பு வரை நடந்தும் பள்ளத்தாக்கைக் காணாமல் திரும்பியவருக்கோ அதுவே குறை. புகையிரதம் மெதுவாகப் போனதைப் புகழ்ந்து எழுதும் அதே பயணி, உணவு மெதுவாக வந்ததைக் கண்டித்து எழுதுகிறார். இந்தத் தடுமாற்றத்தைக் குறைக்க மூன்று வழிகள் போட்டியிடுகின்றன.

முதலாவது, ஒவ்வொரு துறைக்கும் தனித்தனியாக லாஜிஸ்டிக் ரிக்ரஷன் எனும், ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் எடை கொடுத்து முடிவு சொல்லும் எளிய மாதிரியைப் பழக்குவது. சாதாரண மடிக்கணினியே போதும் என்பதோடு, எந்தச் சொல் முடிவைத் தீர்மானித்தது என்பதையும் கண்ணால் பார்க்கலாம். ஆனால் 'பிடித்தது', 'பிடிக்கவில்லை', 'பிடித்திருந்தது' என்று விகுதி மாறும்போதெல்லாம் அதற்கு அவை வெவ்வேறு சொற்கள். முழுச் சொற்களுக்குப் பதிலாக எழுத்துத் துண்டுகளை உள்ளீடாகக் கொடுத்தால் இக்குறை ஓரளவு தணியும்.

இரண்டாவது, துறைத் தழுவல்: ஒரு துறையில் பழகிய மாதிரியை வேறொரு துறைக்கு ஏற்பச் சரிசெய்வது. பிளிட்சர், டிரெட்ஸே, பெரைரா ஆகியோர் 2007 இல் அமேசானின் புத்தகம், டிவிடி, மின்னணுப் பொருள், சமையலறைச் சாதனம் ஆகிய நான்கு துறைகளின் மதிப்புரைகளை எடுத்துக்கொண்டு, பழகிய துறை, புதிய துறை இரண்டிலும் பொதுவாக வரும் சொற்களை அச்சாக வைத்து மற்றச் சொற்களை இணைக்கும் முறையைச் சோதித்தார்கள். புத்தகத்திலிருந்து டிவிடிக்குத் தாவுவது போன்ற நெருங்கிய துறை மாற்றத்தில் துல்லிய இழப்புக் குறைவு. தொலைவான துறைக்குத் தாவும்போது அதிகம். 2016 இல் யாரோஸ்லாவ் கானின் (Ganin) என்ற ஆய்வாளரின் குழுவினர் விரிவாக விளக்கிய எதிர்ப்புப் பயிற்சி, எந்தத் துறை என்று பிரித்தறிய முடியாத கூறுகளையே செயற்கை நரம்பு வலையமைப்புக் கற்கும்படி செய்கிறது. நேர்த்தியான யோசனைதான், ஆனால் நமக்கு ஒத்துவராது என்பதே என் மதிப்பீடு. இவ்விரு முறைகளுக்கும் புதிய துறையில், பாராட்டா முறைப்பாடா என்று மனிதர் குறியிடாத உரையாவது ஏராளமாக வேண்டும். மலையகத் தமிழ்க் கருத்துகள் அந்த அளவுக்குக் குவிந்து கிடப்பதில்லை. ஒரு துறையில் பாராட்டும் மற்றதில் முறைப்பாடும் மிகுந்திருந்தால், எதிர்ப்புப் பயிற்சி இரண்டையும் வலிந்து பொருத்தி முடிவைக் கெடுத்துவிடவும் கூடும்.

மூன்றாவது, முன்பயிற்சி பெற்ற பன்மொழி மாதிரி, அதாவது பல மொழிகளின் பெருந்தொகை உரையில் ஏற்கெனவே பழகிய மாதிரி. 2019 இல் வெளியான எக்ஸ்எல்எம்-ஆர் நூறு மொழிகளில் பழகியது. ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்த தமிழும் அதன் பயிற்சி உரையில் உண்டு. கைபேசியில் நம்மவர் எழுதும் விதத்துக்கு இது பெரிய அனுகூலம். நம் தேவைக்கு மேலும் பழக்குவதற்கு ஜிபியு எனும் வேகமான கணிப்புச் சில்லு தேவை என்பதும், காரணம் கேட்டால் தெளிவாகச் சொல்லாது என்பதும் குறைகள்.

என் தெரிவு மூன்றாவதே. எனினும், புதிய துறையில் சில நூறு கருத்துகளையேனும் அவ்விடத்துப் பேச்சை அறிந்த இருவர் தனித்தனியே குறியிட்ட பிறகுதான் அதைப் பழக்க வேண்டும். அதே தரவில் முதல் வழியையும் ஓட்டி, துறைவாரியாக எஃப்1 மதிப்பை (ஒவ்வொரு வகையையும் எவ்வளவு சரியாகவும் தவறவிடாமலும் கண்டறிந்தது என்பதைச் சேர்த்துக் காட்டும் அளவை) ஒப்பிட வேண்டும்; துல்லியத்தை மட்டும் பார்ப்பது போதாது, ஏனெனில் பத்தில் ஒன்பது பாராட்டாக இருக்கும் தொகுப்பில், எல்லாவற்றையும் பாராட்டு என்று சொல்லும் மாதிரிக்கும் 90 சதவீதத் துல்லியம் கிடைத்துவிடும்.