ரீட் குழுக்களை எதில் அடுக்குவது? 8 ஜிபி மடிக்கணினியில் நீண்ட பாவனைக்குப் பின்

கிளிநொச்சி அறிவியல் நகர், வவுனியா பம்பைமடு பல்கலைக்கழக வளாகங்களில் 8 ஜிபி மடிக்கணினியில் நெல்லின் சீக்வென்ஸ் (டிஎன்ஏ எழுத்து வரிசை) தரவைப் பார்ப்பவர்களுக்கானது இது. நெல்லுக்கு 12 குரோமோசோம், ஏறத்தாழ 39 கோடி பேஸ் (டிஎன்ஏ எழுத்து), அது பாரமில்லை. ஒரே ரீட் (இயந்திரம் வாசித்துத் தந்த சிறு டிஎன்ஏ துண்டு) பல இடங்களில் பொருந்தும்போது அந்த அலைன்மென்ட்களை, அதாவது பொருத்தங்களை, குழுவாக வைத்திருப்பதுதான் நினைவகத்தைத் தின்கிறது.

கை முதலில் போவது பைத்தன் டிக்ஷனரிக்கு: ரீட்டின் பெயர் சாவி, உள்ளே ஒரு லிஸ்ட். சில இலட்சம் ரீட் வரை குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வெற்று லிஸ்ட்டே 56 பைட், 40 எழுத்துப் பெயர் 80 பைட்டுக்கு மேல். ஒரு கோடி ரீட் என்றால், அலைன்மென்ட் ஒன்றைக்கூட வைக்குமுன் 1.3 ஜிபி போய்விடும்.

நிலைத்து நின்றது தட்டையான நிரல்கள்தான், அதாவது ஒவ்வொரு விபரத்துக்கும் ஒரே நீண்ட எண் வரிசை. பொருந்திய இடத்துக்கு 4 பைட், குரோமோசோம் எண்ணுக்கு 2, ஃபிளாக்குக்கு (ரீட்டின் நிலையைச் சொல்லும் பிட்கள்) 2, மேப்பிங் தரத்துக்கு (பொருத்தம் எவ்வளவு நம்பகம் என்பது) 1: ஒரு கோடி அலைன்மென்டுக்கு 90 எம்பி. கூடவே, ஒவ்வொரு குழுவும் எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் 8 பைட் ஒஃப்செட் (தொடக்க இடத்தின் எண்) வரிசை. சூடடித்த நெல்லைச் சிறு பைகளில் கட்டாமல் ஒரே குவியலாக்கி, எந்த வயலின் நெல் எங்கே தொடங்குகிறதென்று தடி நட்டுவைப்பது மாதிரி. ரீட் எங்கே பொருந்துகிறது, எங்கே இடைவெளி என்று சொல்லும் சிகாருக்கும் இதே முறை. அதற்குத் தனி ஒஃப்செட் வேண்டும்.

நிரப்பும்போது நம்பையின் (பைத்தனுக்கான எண் வரிசை நூலகம்) அப்பென்ட் வேண்டாம். ஒவ்வொரு முறையும் முழு வரிசையையும் நகலெடுக்கும். பைத்தனின் சாதாரண அரேயில் சேர்த்து, முடிந்தபின் நகலெடுக்காமல் நம்பைக்குக் காட்டுங்கள். காட்டியபின் அரேயை நீட்டப் பார்த்தால் பஃபர் எரர் வரும். அலைன் ஆகாத ரீட்டுக்கு இடமும் குரோமோசோமும் -1 ஆக வரலாம் என்பதால் இரண்டும் குறியுள்ள எண்களாக இருக்கவேண்டும். துண்டு துண்டான அசெம்பிளியில் (ரீட்களைக் கோத்துக் கட்டிய ஜீனோமில்) கொன்டிக், அதாவது கோத்த துண்டுகளின் எண்ணிக்கை, 32,768ஐத் தாண்டினால் 2 பைட் போதாது.

சத்தமில்லாமல் கெடுப்பது வரிகள் நிற்கும் ஒழுங்குதான். இட வரிசையிலுள்ள பாம் கோப்பை (அலைன்மென்ட்கள் இருக்கும் கோப்பு), அடுத்தடுத்து வரும் ஒரே சாவிகளை மட்டும் குழுவாக்கும் பைத்தனின் குரூப்பையிடம் கொடுத்தால் ஒரு குழு பல துண்டாகும், எரரும் வராது. முதலில் சாம்டூல்ஸ் கருவியின் கொலேட் கட்டளையை ஓட்டினால் போதும். பெயர் வரிசை தேவையில்லை, ஒரே பெயருள்ள வரிகள் சேர்ந்திருந்தால் சரி. சோடி ரீட் (ஒரே துண்டின் இரு முனைகளிலிருந்து வாசித்தவை) இரண்டுக்கும் ஒரே பெயர், ஆகவே முதலாவதா இரண்டாவதா என்று சொல்லும் ஃபிளாக்கின் 64, 128 பிட்களையும் சாவியில் சேருங்கள். 256 பிட் உள்ள இரண்டாம்நிலை வரிகளில் பெரும்பாலும் சீக்வென்ஸ் இராது. சீக்வென்ஸைக் குழுவுக்கு ஒருமுறை, முதன்மை வரியிலிருந்து எடுத்து வையுங்கள்.

இடையிடையே புது அலைன்மென்ட் செருகும் வேலையென்றால் இந்த அமைப்பு தோதுப்படாது. அதற்கு எஸ்கியூலைட்டில் (ஒரே கோப்பில் இயங்கும் தரவுத்தளம்) ஓர் அட்டவணை, குழு எண்ணுக்கு இன்டெக்ஸ். மெதுவானாலும் மின்வெட்டில் கொமிட் ஆனதெல்லாம், அதாவது பதிந்து முடித்ததெல்லாம், தப்பும்.