வாடகைக் கட்டில் ஸ்டாக்: மாடல்வாரி எண்ணிக்கையா, கட்டிலுக்கு ஒரு நம்பரா?

மருத்துவமனைக் கட்டில்களை விற்பவர்களும் வாடகைக்கு விடுபவர்களும் ஸ்டாக்கை இரண்டு விதமாக வைத்துக்கொள்கிறார்கள். ஒன்று, மாடல்வாரி எண்ணிக்கை: மேனுவல் இத்தனை, செமி எலெக்ட்ரிக் இத்தனை, ஃபுல் எலெக்ட்ரிக் இத்தனை. இன்னொன்று, ஒவ்வொரு கட்டிலுக்கும் தனி நம்பர் கொடுத்து, அது எங்கே, எந்த நிலையில் இருக்கிறது என்று தனித்தனியாகக் குறித்துவைப்பது. எங்கள் கிடங்கில் முதல் முறையை விட்டு இரண்டாவதற்கு வந்துவிட்டோம். அதனால் இந்த அலசல் நடுநிலையாக இருக்காது.

எண்ணிக்கை முறையில் வசதி இல்லாமல் இல்லை. எக்செல் தெரிந்தால் போதும், யாருக்கும் புதிதாக எதுவும் கற்றுத்தர வேண்டாம். புதுக் கட்டிலைப் பெட்டியோடு வாங்கிப் பெட்டியோடு விற்பவருக்கு இதற்கு மேல் தேவையில்லை. பில்லில் சீரியல் நம்பரை எழுதிவிட்டால் வாரண்டிக்கும் ஆயிற்று. இருப்பு எவ்வளவு குறைந்தால் ஆர்டர் போடுவது என்ற கணக்கு இரண்டு முறையிலும் ஒன்றுதான்.

சிக்கல் வாடகையில் வருகிறது. போனில் கூப்பிடுபவருக்கு உங்களிடம் மொத்தம் எத்தனை கட்டில் இருக்கிறது என்பது வேண்டாம். நோயாளி இன்று டிஸ்சார்ஜ், சாயங்காலத்துக்குள் ஒன்று வருமா என்பதுதான் கேள்வி. தாளில் ஆறு என்று இருக்கும். போய்ப் பார்த்தால் ஒன்று கழுவக் காத்திருக்கும், ஒன்றில் ரிமோட் வேலை செய்யாது, இன்னொன்றில் தலைப்பகுதி மட்டும் நிற்கும். தாளைக் கேட்டால் இன்னும் ஆறுதான்.

தனி நம்பர் முறையில் ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு நிலை உண்டு: வெளியே, திரும்பியது, கழுவியது, சோதித்தது, தயார். கழுவிய பிறகுதான் மெக்கானிக் கை வைக்க வேண்டும் என்ற வரிசையும் இதில் தானாக வந்துவிடும்.

ஆனால் என்னை இந்தப் பக்கம் சாய்த்தது பராமரிப்புதான். வீட்டுக்குப் போகும் கட்டில்களில் பல மாடிப்படி ஏற்ற வசதியாக இரண்டு பாதியாகக் கழலும். சைடு ரெயில் (நோயாளி விழாமல் தடுக்கும் பக்கக் கம்பித் தடுப்பு), மெத்தை, ரிமோட், மோட்டார் எல்லாம் தனித்தனி. கிடங்கில் இவை ஒன்றோடொன்று கலந்துவிடும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு ரெயில்களில் ஒன்று பொருந்தும், இன்னொன்று ஆடும். இது வெறும் தொல்லை மட்டும் இல்லை. கட்டிலில் நோயாளி சிக்கிக்கொள்ளக்கூடிய 7 இடங்களை அமெரிக்காவின் உணவு, மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ 2006-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் பட்டியலிடுகிறது. ரெயிலின் கம்பிகளுக்கு நடுவிலும், ரெயிலுக்கும் மெத்தைக்கும் நடுவிலும் உள்ள இடைவெளி 120 மி.மீ.க்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது. மருத்துவக் கட்டில்களுக்கான சர்வதேசத் தரநிலையான ஐஇசி 60601-2-52-உம் இந்த இடைவெளிகளுக்கு வரம்பு வைக்கிறது. வேறு கட்டிலின் மெத்தையைப் போட்டால் அளவு மாறும். அதே மெத்தை என்றாலும் பல வீடு சுற்றி அமுங்கிப்போனால் இடைவெளி கூடும். ஆகவே மெத்தைக்கும் தனி நம்பர் போட்டு, எந்தக் கட்டிலோடு போனது என்று எழுதுகிறோம். எண்ணிக்கைத் தாளில் இதை எங்கே எழுதுவது?

அடுத்து, உழைப்பு ஒரே சீராகப் பரவுவதில்லை. எண்ணிக்கை மட்டும் இருந்தால் ஆட்கள் கதவோரம் நிற்கும் கட்டிலைத்தான் இழுப்பார்கள். அது தேய்ந்துகொண்டே போகும், மூலையில் இருப்பது தூங்கும். தூங்குவதும் நல்லதில்லை. பேக்கப்புக்கு லெட்-ஆசிட் பேட்டரி உள்ள மாடல்களைச் சார்ஜ் இல்லாமல் நெடுநாள் விட்டால் பேட்டரி செத்துவிடும். கடைசியாக எப்போது வெளியே போனது, எப்போது சார்ஜ் ஏறியது என்று கட்டில்வாரியாகத் தெரிந்தால்தான் மூலையில் இருப்பதை முன்னால் கொண்டுவர முடியும். தயாரிப்பாளர் ஏதாவது ஒரு தொகுதியைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தாலும், அது இப்போது எந்த வீட்டில் இருக்கிறது என்று இதில் உடனே சொல்லலாம். பழைய கட்டிலை விற்கும்போது பழுதுபார்த்த வரலாற்றைக் காட்ட முடிவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த முறையிலும் தொல்லை உண்டு. கிருமிநாசினி பட்டுப் பட்டுக் காகித லேபிள் உரிந்துவிடும். உலோகத் தகடோ லேமினேட் செய்த பார்கோடோ வேண்டும். அதைத் தலைமாட்டுப் பலகையில் ஒட்டாதீர்கள், பலகை கட்டில் விட்டுக் கட்டில் மாறும். ஃபிரேமில் ஒட்டுங்கள். இதைவிடப் பெரிய தொல்லை மனிதர்கள். டெலிவரிக்குப் போகிறவர் ஸ்கேன் செய்யாமல் போனால் மொத்தப் பதிவும் பொய்யாகிவிடும். ஸ்கேன் ஆகாமல் டெலிவரி சீட்டு அச்சாகாது என்று வைத்த பிறகுதான் எங்களிடம் இது ஒழுங்குக்கு வந்தது.

ஆர்எஃப்ஐடி, அதாவது பொருளில் ஒட்டிய டேக்கை ரீடர் கருவி ரேடியோ அலையால் தொடாமலே படிக்கும் முறை, பற்றிக் கேட்பீர்கள். நான் அதை டெமோவில் பார்த்ததோடு சரி. சாதாரண டேக் உலோகத்தில் ஒட்டினால் சரியாகப் படிக்காது, அதற்கென்று தனி டேக் வேண்டும். கட்டில்கள் ஒரே கட்டடத்துக்குள் சுற்றும் மருத்துவமனைக்கு அது பொருந்தலாம். எங்கள் கட்டில்கள் இருப்பது வாடிக்கையாளர் வீடுகளில், அங்கே ரீடர் வைக்க முடியாது.

சரி, மொத்தமும் ஒரே அறையில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குச் சின்னத் தொழில் என்றால் மென்பொருள் எதுவும் வாங்க வேண்டாம். அப்போதும் நம்பரை மட்டும் விட்டுவிடாதீர்கள். பழைய எக்செல்லிலேயே மாடலுக்கு ஒரு வரி என்பதைக் கட்டிலுக்கு ஒரு வரி என்று மாற்றி, நிலை, கடைசிச் சோதனைத் தேதி, மெத்தை நம்பர் என்று மூன்று பத்திகள் சேர்த்தால் இப்போதைக்கு வேலை ஓடும்.