ஐஸ் வாளி, தண்ணீர் வாளி, மேசை விசிறி: கொழும்பு அறையில் ஓவர்க்ளொக்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஏசி இல்லாத மாடி அறையில் கேம் விளையாடும் ஒருவர் புரொசெசரின் வேகத்தை வழமையான அளவுக்கு மேல் கூட்ட (ஓவர்க்ளொக் செய்ய) நினைத்தால், விலை கூடிய திரவக் குளிர்விப்பானை விட்டுவிட்டு வீட்டில் கிடப்பதைக் கொண்டு சமாளிக்கவே பார்ப்பார். கணினியின் பக்கமூடியைக் கழற்றி மேசை விசிறியைத் திருப்பி வைக்கலாம். வாளித் தண்ணீரை மீன்தொட்டி மோட்டரால் புரொசெசரின் மேல் பொருத்தும் செம்புக் கட்டியான வாட்டர் பிளாக்கினூடாகச் சுற்றவிடலாம். அதே வாளியில் ஐஸும் போடலாம். வழக்கமாகப் பேசப்படுபவை இந்த மூன்றும்தான். ஆனால் அந்தப் பேச்சில் எமது ஊரின் ஈரக்காற்று கணக்கிலெடுக்கப்படுவதேயில்லை.

ஒப்பீட்டுக்கு, 2018இல் வெளிவந்த இன்டெல் கோர் ஐ5 9600கே புரொசெசரை எடுத்துக்கொள்கிறேன். ஆறு கோர்களும் இயங்கும்போது அது தானாக 4.3 கிகாஹேர்ட்ஸ் வரை போகும். 100 பாகை செல்சியஸை எட்டினால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். புரொசெசர் வெளியிடும் வெப்பம் வேகத்துக்கும் வோல்ட்டளவின் வர்க்கத்துக்கும் ஏற்பக் கூடுவதால், 1.15 வோல்ட்டில் 4.3இல் ஓடும் ஒரு சில்லை (புரொசெசரை) 1.30 வோல்ட் கொடுத்து 5.0க்கு ஏற்றும்போது, வேகம் 16 சதவீதம் கூட, வெப்பமோ ஏறக்குறைய 49 சதவீதம் கூடிவிடுகிறது. 1.20 வோல்ட்டில் 4.7உடன் நின்றுகொண்டால் வேகம் 9 சதவீதமும் வெப்பம் 19 சதவீதமும் கூடும். சில்லுக்குச் சில்லு வோல்ட் வேறுபடும், ஆனால் கடைசி 300 மெகாஹேர்ட்ஸுக்குத்தான் கூடிய வெப்பத்தைக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பது எல்லாச் சில்லுக்கும் பொருந்தும்.

குளிர்விக்கும் வல்லமையை மட்டும் பார்த்தால் ஐஸ் வாளியை மற்றவை நெருங்க முடியாது. ஆனால் ஒரு கிலோ ஐஸ் உருகுவதற்கு உறிஞ்சுவது 334 கிலோஜூல் மட்டுமே. கேம் ஓடும்போது புரொசெசர் 100 வாட் வெளிவிடுவதாக வைத்துக்கொண்டால் அது 56 நிமிடங்களில் தீர்ந்துவிடும். மூன்று மணி நேர விளையாட்டுக்கு மூன்று கிலோவுக்கு மேல் வேண்டும், அதுவும் வாளியின் சுவரினூடாக அறைச் சூடு உருக்கும் பங்கைச் சேர்க்காமல். இந்தச் செலவைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது ஈரம். அறையில் 30 பாகையும் 80 சதவீதச் சாரீரப்பதனும் இருக்கும் ஒரு சாதாரணக் கொழும்பு மாலையில் பனிபடுநிலை ஏறத்தாழ 26 பாகை. அதற்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் படியும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த சோடாப் போத்தல் மேசையில் குளம் கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு, ஐந்து பாகைத் தண்ணீர் ஓடும் வாட்டர் பிளாக்கைச் சுற்றி மதர்போர்டில் என்ன நடக்கும் என்று விளக்கத் தேவையில்லை. சாதனை படைப்பவர்கள் வாசலினும் நுரை மட்டைகளும் வைத்து மூடிக்கொண்டு, சில நிமிட ஓட்டத்துக்காக அதைச் செய்கிறார்கள். 2011இல் ஏஎம்டி எஃப்எக்ஸ் சில்லொன்று திரவ ஹீலியத்தில் 8.429 கிகாஹேர்ட்ஸைத் தொட்டதும் அப்படித்தான். தினமும் மாலையில் விளையாடுபவருக்கு அது உதவாது.

ஐஸ் போடாத தண்ணீர் வாளி, கேட்கச் சாதாரணமாக இருந்தாலும், இங்கே அதைவிட மேலானது. 20 லீற்றர் நீரின் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்த 100 வாட்டுக்கு 14 நிமிடங்கள் எடுக்கும். ஆகவே மூன்று மணி நேரத்தில், ஆவியாதலால் இழக்கும் சூட்டைக் கழிக்காவிட்டாலும், ஏற்றம் 13 பாகைக்குள் அடங்கும். அறையிலேயே நின்ற நீர் பொதுவாகப் பனிபடுநிலைக்குக் கீழே போவதில்லை என்பதால் வியர்க்கும் பயமும் இல்லை. நாள் முழுக்க ஓட்டுவதானால் பஞ்சிகாவத்தையில் பழைய வாகன ரேடியேட்டர் ஒன்றைத் தேடி இணைக்கலாம், ஆனால் அலுமினியத்தாலானதைத் தவிர்க்க வேண்டும். ஒரே நீரில் செம்பும் அலுமினியமும் சேர்ந்தால் அலுமினியம் அரித்துப்போகும். இன்னொன்று, திறந்த வாளியில் நுளம்பு முட்டையிடும். டெங்குக் காலத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து எட்டிப்பார்த்தால், இது ஓவர்க்ளொக்குக்கு என்று சொல்லித் தப்ப முடியாது, மூடி அவசியம்.

மேசை விசிறி அறையின் வெப்பநிலைக்குக் கீழே எதையும் கொண்டுபோகாது. அறை ஒரு பாகை ஏறினால் சில்லும் ஏறத்தாழ ஒரு பாகை ஏறும். இருந்தும் அதற்கு, வாளிக்கு இல்லாத ஒரு நன்மை உண்டு. தண்ணீர் புரொசெசரை மட்டுமே குளிர்விக்க, அதற்கு மின்சாரம் சீராக்கிக் கொடுக்கும் மதர்போர்ட் பாகங்கள் காற்றில்லாமல் வேகும். விசிறி அவற்றையும் கிராஃபிக்ஸ் கார்டையும் சேர்த்தே கவனிக்கிறது. 9600கே பெட்டியில் குளிர்விப்பான் வருவதில்லை என்பதால், ஓரளவு நல்ல ஹீட்சிங்க் (சூட்டைக் காற்றுக்குக் கடத்தும் உலோகத் தகட்டுக் கட்டு) ஒன்றுக்குச் செலவழித்தே ஆக வேண்டும். மரீன் டிரைவ் பக்கம் ஜன்னலைத் திறந்து வைப்பவர்கள், உப்புக்காற்றும் தூசியும் நேரே உள்ளே போவதையும் எண்ணிக்கொள்ள வேண்டும்.

விளையாட்டில் வித்தியாசம் எவ்வளவு என்றால், புரொசெசரே தடையாக இருக்கும் கேமில்கூட ஃபிரேம்கள் (ஒரு செக்கனில் திரைக்கு வரும் படங்கள்) வேகத்தின் விகிதத்துக்கு மேல் கூடா. கவுண்டர்-ஸ்ட்ரைக் போன்ற ஒன்றில் 200 ஃபிரேம் கிடைத்த இடத்தில் 4.7இல் உச்சமாக 218, 5.0இல் 232. காட்சித் தரத்தைக் கூட்டி வைத்து நடுத்தரக் கிராஃபிக்ஸ் கார்டில் ஓடும் பெரிய கேம்களில், தடை கார்டிடம் இருப்பதால் மூன்று முறைகளிலும் ஏறக்குறைய ஒரே எண்தான் திரையில் தெரியும். செக்கனுக்கு 60 படங்களே காட்டும் 60 ஹேர்ட்ஸ் திரை வைத்திருப்பவர் இந்த வேலையில் இறங்காமலே இருக்கலாம்.

என் தெரிவு விசிறியும் 4.7உம். 5.0 வேண்டியே தீரும் என்பவர் தண்ணீர் வாளிக்குப் போகட்டும். ஆனால் மின்வெட்டில் மோட்டர் மட்டும் நின்றுபோகாதபடி, கணினியுடன் சேர்த்து மோட்டரையும் யூபிஎஸ்ஸில் கொடுத்து, வாளியைக் கணினியிலும் தாழ்வாகத் தரையில் வைக்கட்டும். குழாய் கழன்றால் மோட்டரை நிறுத்தியவுடன் நீர்வரத்து நின்றுவிடும். வாளி மேசைக்கு மேலே இருந்தால், நிறுத்திய பிறகும் 20 லீற்றரும் மதர்போர்டின் மேல் வடிந்துகொண்டிருக்கும்.