அனிமேயில் சிலுவை அன்பு: ரெங்கோகு, லெலூஷ், மடோகா, வாஷ்

ஜப்பானிய அசைபடங்களான அனிமேயில் சிலுவையைக் கண்ணால் பார்ப்பது சுலபம். 1995-இல் வந்த எவாஞ்சலியன் தொடரில் குண்டு வெடித்தால்கூட வானத்தில் சிலுவை வடிவில்தான் வெளிச்சம் எழும். ஆனால் அந்தச் சின்னங்களை வித்தியாசமாகத் தெரியும் என்பதற்காகத்தான் வைத்தோம் என்று அதன் துணை இயக்குநர் கசுயா சுருமாகியே சொல்லிவிட்டார். கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவிலேயே இருக்கும் நாடு ஜப்பான். அதனால் சின்னங்களை எண்ணிக்கொண்டிருப்பதை விட்டுவிட்டு, யார் யாருக்காக எதை இழக்கிறார்கள் என்று பார்ப்போம். முடிவுகளைச் சொல்லாமல் இதை எழுத முடியாது. தலைப்பில் உள்ள நால்வரின் கதைகளையும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

என் அளவுகோல் இரண்டு வசனங்கள். யோவான் 15:13 சிநேகிதருக்காக ஜீவனைக் கொடுக்கும் அன்பைச் சொல்கிறது. ரோமர் 5:8 அதற்கும் அப்பால் போகிறது: நாம் பாவிகளாக இருக்கும்போதே கிறிஸ்து மரித்தார். அதற்கு முந்தைய வசனத்தில், நல்லவனுக்காக ஒருவேளை யாராவது சாகத் துணியலாம் என்று பவுல் ஒப்புக்கொள்கிறார். பெரும்பாலான அனிமே தியாகங்கள் முதல் வசனத்தோடு நின்றுவிடுகின்றன.

அரக்கர்களை வேட்டையாடும் வீரர் ரெங்கோகுவிலிருந்து தொடங்குவோம். டீமன் ஸ்லேயரின் 'முகென் ட்ரெய்ன்' படம் 2020-இல் வந்து ஜப்பானிய வசூல் சாதனைகளை முறியடித்தது. ரயிலில் இருநூறு பயணிகள். அத்தனை பேரையும் காப்பாற்றிய பிறகு அகாசா என்ற அரக்கன் வந்து நிற்கிறான். 'நீயும் அரக்கனாகிவிடு, சாவே இல்லை' என்று ஆசை காட்டுகிறான். வனாந்தரத்தில் இயேசுவுக்கு நடந்த சோதனை உங்களுக்கு நினைவுக்கு வந்தால் அது இயல்புதான். ரெங்கோகு மறுக்கிறார். பலத்தோடு பிறந்தவன் பலவீனரைக் காக்க வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொடுத்ததைப் பிடித்துக்கொண்டே சாகிறார். உயிர் பிரியும் நேரத்தில் அம்மா எதிரே நிற்கிறாள். 'நான் சரியாகச் செய்தேனா?' என்று கேட்கிறார். அவள் ஆம் என்றதும் சின்னப் பிள்ளை மாதிரி சிரிக்கிறார். அந்த இடத்தில் அழாமல் இருக்க என்னால் முடிந்ததில்லை.

ரயிலும் உயிர்த்தியாகமும் ஜப்பானியக் கிறிஸ்தவர்களுக்குப் புதிதில்லை. 1909 பிப்ரவரியில் ஹொக்காய்டோவின் ஷியோகாரி கணவாயில், கழன்று பின்னோக்கி ஓடிய ரயில் பெட்டியை நிறுத்தும் முயற்சியில் மசாவோ நாகானோ என்ற ரயில்வே ஊழியர் உயிரைக் கொடுத்தார். அவர் கிறிஸ்தவர். ரெங்கோகுவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வருவார். ஆனாலும் ரெங்கோகுவின் தியாகம் கடமையில் வேர்விட்டது. தான் காக்க வேண்டியவர்களுக்காக அவர் சாகிறார். அகாசாவுக்காக அவரிடம் எதுவும் இல்லை.

அடுத்து லெலூஷ். அவன் நாயகனாக வரும் கோட் கியாஸ் தொடர் 2008-இல் முடிந்தபோது பலர் அவனைக் கிறிஸ்துவோடு ஒப்பிட்டார்கள். கொடுங்கோலனாகி உலகத்தின் வெறுப்பு முழுவதையும் தன்மேல் திரட்டிக்கொண்டு, முகமூடி நாயகன் சீரோவின் வேடமிட்ட நண்பன் சுசாகுவின் வாளுக்குத் தன்னையே ஒப்புக்கொடுக்கிறான். தங்கை நன்னலி அவன் கையைத் தொட்டதும் உண்மை தெரிந்து கதறுகிறாள். அபாரமான காட்சி. ஆனால் ஒப்பீடு பாதிதான் சரி. லேவியராகமம் 16-இல் ஜனங்களின் அக்கிரமங்களைத் தலையில் சுமத்தி வனாந்தரத்துக்கு அனுப்பப்படும் போக்காடு இருக்கிறதே, அதுவரை லெலூஷ் வருகிறான். பழுதற்ற ஆட்டுக்குட்டி என்று அவனைச் சொல்ல முடியாது. அவன் கையில் நிஜமாகவே ரத்தம் இருக்கிறது, அது அவனுக்கும் தெரியும். அவன் சாவில் பாதி அன்பு, பாதி அவனே தனக்கு விதித்துக்கொண்ட தண்டனை. தவிர, அவன் சாவால் உலகத்துக்கு வந்த சமாதானம் ஒரு பொய்யின்மேல் கட்டப்பட்டது. சுவிசேஷம் பொய்யின்மேல் நிற்காது.

மடோகா இவர்கள் இருவரையும் தாண்டிப் போகிறாள். 2011-இல் வந்த 12 பகுதித் தொடர் அது. அங்கே ஒரு வரம் பெற்று மாயப்பெண் ஆகிறவள், கடைசியில் நம்பிக்கை இழந்து சூனியக்காரியாக மாறுவாள். அதுதான் அந்த உலகத்தின் விதி. மடோகா கேட்கும் வரம் ஒன்றுதான்: கடந்தகாலம், எதிர்காலம் எதிலும் ஒரு சூனியக்காரிகூடப் பிறக்கக்கூடாது, ஒவ்வொருத்தியையும் அதற்கு முன்பே என் கையால் தடுக்க வேண்டும். அதன்படி, ஒவ்வொரு பெண்ணும் உடைந்துபோகும் கடைசி நொடியில் மடோகா அவள் பக்கத்தில் வந்து நிற்கிறாள். அவள் உயிரையே தாங்கியிருக்கும் கல்லில் படிந்த கருமையைத் தன்மேல் வாங்கிக்கொள்கிறாள். பிறருடைய பாடுகளைச் சுமக்கும் தாசனைப் பற்றிய ஏசாயா 53-ஐ வாசித்தவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. விலையும் பெரிது. அவள் பிறந்ததே உலகத்துக்கு மறந்துபோகிறது. தோழி ஹொமுராவுக்கு மட்டும் முழு ஞாபகம் இருக்கிறது, குட்டித் தம்பி மண்ணில் அவள் உருவத்தைக் கிறுக்குகிறான். மாறுபடும் இடம் ஒன்று உண்டு. வார்த்தை மாம்சமானது என்பது நம் விசுவாசம். இங்கே மாம்சமான பெண் உருவமே இல்லாத ஒரு விதியாகிவிடுகிறாள்.

அப்படியென்றால் யார் மிக நெருக்கம்? 1998-இல் வந்த ட்ரைகன் தொடரின் வாஷ் என்பேன். இத்தனைக்கும் அவன் சாகவே இல்லை.

வாஷின் தலைக்கு 6,000 கோடி இரட்டை டாலர் (அந்தக் கதை உலகத்தின் பணம்) விலை. ஊரே துரத்துகிறது, அவன் யாரையும் கொல்வதில்லை. அந்தச் சிவப்புக் கோட்டைக் கழற்றினால் உடம்பெல்லாம் தழும்பு, தையல், உலோகத் தகடு. இடது கையே செயற்கை, அதைப் பறித்தவன் உடன்பிறந்த நைவ்ஸ். தன்னைக் கொல்ல வந்தவர்களைக் கொல்லாமல் விட்டதற்கு அவன் கொடுத்த விலை அந்த உடம்பில் எழுதியிருக்கிறது. தோமா விரலை வைத்துப் பார்க்க நினைத்த இயேசுவின் காயங்களைப் போல.

கூடவே வுல்ஃப்வுட் வருகிறான். பெரிய சிலுவையைத் தோளில் சுமக்கும் பாதிரி, அந்தச் சிலுவைக்குள் முழுக்கத் துப்பாக்கி. சில உயிர்களைக் காப்பாற்றச் சில உயிர்களை எடுத்தே ஆக வேண்டும் என்பது அவன் கட்சி. வாஷோடு சண்டை போட்டுச் சண்டை போட்டு, 23-ஆம் பகுதியில் முதல் முறையாகத் தன் எதிரியைக் கொல்லாமல் விடுகிறான். அதனாலேயே குண்டடி பட்டு, ஒரு சிற்றாலயத்துக்குள் தள்ளாடிப் போய் இறக்கிறான். அனிமே எதிலும் இதைவிட நேர்மையான பாவ அறிக்கையை நான் பார்த்ததில்லை.

அடுத்த பகுதியிலேயே வாஷ் தோற்கிறான். தோழிகளைக் காப்பாற்ற நைவ்ஸின் கையாள் லெகாட்டோவைச் சுட வேண்டி வருகிறது, சுட்டுவிட்டு நொறுங்கிப்போகிறான். இங்கேதான் வாஷ் கிறிஸ்துவிடமிருந்து விலகுகிறான், நம்மைப் போன்ற சீஷன் ஆகிறான். அதை நான் குறையாக எண்ணவில்லை. சாவது ஒரு நாள் வேலை, பகைவனை நேசிப்பது தினமும் செய்ய வேண்டிய வேலை. தினமும் செய்பவன் ஒரு நாள் விழத்தான் செய்வான்.

கடைசிப் பகுதியில் நைவ்ஸ் வீழ்ந்து கிடக்கிறான். வாஷை வளர்த்த ரெம் என்ற பெண்ணின் சாவுக்குக் காரணமானவன், கையைப் பறித்தவன், மனித இனத்தையே அழிக்கத் துடித்தவன். ஒரு குண்டு போதும். வாஷ் அவன் காயங்களுக்குக் கட்டுப் போடுகிறான். சிவப்புக் கோட்டைப் பாலைவனத்திலேயே விட்டுவிட்டு, அண்ணனோ தம்பியோ என்று சொல்ல முடியாத அந்த இரட்டைச் சகோதரனைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கிறான்.