தானியங்கி இயந்திரமா, பல்திறன் பயிற்சியா?

2005 தொடக்கத்தில் ஒவ்வொரு நாடும் எவ்வளவு ஆடை ஏற்றுமதி செய்யலாம் என வரம்பிட்ட ஒதுக்கீட்டு முறை முடிவுக்கு வந்த பின், ஆடை ஏற்றுமதியில் விலை, தரம், காலந்தவறாமை ஆகியவையே ஆர்டர்களைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. அப்படியானால் ஓர் ஆடை ஆலை முதலில் எதில் பணம் போட வேண்டும்: தானியங்கி இயந்திரத்திலா, தொழிலாளர்களுக்குப் பல வேலைகளைக் கற்றுத்தரும் பயிற்சியிலா?

தானியங்கி வெட்டு இயந்திரம் துணி விரயத்தைக் குறைக்கும். ஆயினும் அதன் முதலீடு பெரிது. போட்டியாளரும் அதை வாங்கலாம்.

தையலோ, துணி நெகிழ்ந்து நழுவுவதால், இன்றும் பெரும்பாலும் மனிதக் கைகளையே நம்பியிருக்கிறது. ஓவர்லாக் (துணி ஓரம் பிரியாமல் தைப்பது), பிளாட்லாக் (தட்டையான தையல் போடுவது) என இரு வகைத் தையல் இயந்திரங்களையும் இயக்கத் தெரிந்த தொழிலாளர்கள் இருந்தால், ஒருவர் விடுப்பில் சென்றாலும், ஆடையின் வடிவமைப்பு மாறினாலும், தையல் வரிசை எளிதில் தேங்காது. பயிற்சிக்கேற்ற ஊதிய உயர்வு தராத ஆலையை அவர்கள் விட்டுச் செல்வது நியாயமே. அந்த உயர்வையும் பயிற்சிச் செலவாகவே கணக்கிட வேண்டும்.

ஒரே வகை ஆடையைப் பெருமளவில் தைக்கும் ஆலைக்கு இயந்திரம் முந்தலாம். சிறு ஆர்டர்களை ஏற்கும் ஆலைக்குப் பயிற்சியே முதன்மையானது என்பது என் உறுதியான கருத்து.